முனியாண்டி வாங்காத கிடா

கால்நடை இலாகாவிலிருந்து ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் கம்பத்தில் பாதிப் பேர் ஆடுகளை ஓட்டிக்கொண்டுபோய்ப் பாக்காவ் சதுப்புக் காட்டு ஓரத்தில் மறைத்தார்கள். இலாகா என்றால் ஒன்று வரி, இல்லையென்றால் ஊசி. இரண்டும் ஆட்டுக்கு ஆகாது.

கிள்ளான் டவுனைத் தாண்டி, ரயில் பாதைக்கும் சதுப்புக்கும் நடுவே கிடந்த மேட்டுத் துண்டுதான் அவர்கள் கம்பம்; மலாய்க்காரர் வாயில் கிராமத்துக்கு அதுதான் பேர். ரப்பர் விலை விழுந்தபோது தோட்டங்கள் ஆட்களைக் கழித்துவிட்டன. இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் போனார்கள். போனால் அங்கே யார் வீட்டு வாசலில் நிற்பது என்று தெரியாதவர்கள் இங்கே வந்து அத்தாப்பு ஓலைக் குடிசை போட்டார்கள். மரவள்ளி நட்டார்கள், ஆடு வளர்த்தார்கள். மரவள்ளி நன்றாக வந்தது. ஆடுதான் ஈத்துக்கு ஈத்து சிறுத்துக்கொண்டே போனது.

வந்தவர் பாலசுந்தரம். யாழ்ப்பாணத்துக்காரர், கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்திருந்தார். கால்சட்டை முட்டிவரை சேறு. முனியாண்டி கோயில் மரத்தடியில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார வைத்தார்கள்.

"நான் ஒண்டையும் பிடிக்க வரேல்லை. கேக்க வந்தனான். ஆடு வளர்க்கிறதிலை உங்களுக்கு என்ன கஷ்டம்? பயப்படாமல் சொல்லுங்கோ."

"மொதக் கஷ்டம் ஆடுதாங்க" என்றான் கன்னையா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். அதற்குப் பிறகு வாய்கள் திறந்துகொண்டன.

"மேய எடம் ஏதுங்க? ரயில் மேட்டுல விட்டா ரயில்வேக்காரன் புடிக்கிறான். தோட்டத்துக்குள்ள போனா கங்காணி புடிக்கிறான். பால்மரப் பட்டையைக் கடிச்சிருச்சாம். மரம் பால் வெட்டாம சும்மா நிக்குது, அந்தப் பட்டை இன்னும் யாருக்கு?" இதுவும் கன்னையாதான்.

"தரை காயவே மாட்டேங்குதுங்க" என்றாள் மாரியாயி. "குளம்பு அழுகி, ஆடெல்லாம் முட்டி போட்டு மேயுது. வெள்ளைக்காரன் சாமி கும்பிடுற மாதிரி."

"தாடை வீங்குது. கழிச்சல் வருது. ராத்திரி நல்லாருக்கும், காலையில வெறச்சுக் கெடக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கப்பல்ல கொண்டாந்து எறக்குறான் பாருங்க, அந்த ஆட்டுக்கு முன்னால நம்மது எடுபடுமா? பிரிக்பீல்ட்ஸ் கசாப்புக்காரன் போன தீபாவளிக்கு வந்தான். என் ஆட்டை ஒத்தக் கையால தூக்கிப் பாத்துட்டு, இது ஆடா பூனையான்னு கேட்டுட்டுப் போனான்" என்றார் இன்னொருவர்.

நல்லம்மாள் பெண்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொன்னதெல்லாம் உண்மை. ஆனாலும் ஏதோ ஒன்றைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது, பாதையில் செத்துக் கிடப்பதை மிதிக்காமல் விலகிப் போவதுபோல.

பாலசுந்தரம் எழுந்தார். "சரி. உங்கடை பொலிகிடா எங்கே? காட்டுங்கோ."

கன்னையா ஒரு கிடாவைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்தான். முழங்கால் உயரம். கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டு, பல் பல்லோடு பொருந்தாமல் எப்போதும் இளிப்பதுபோல் இருக்கும்.

"இதுவோ? இந்த ஊர்க் குட்டியளுக்கெல்லாம் தகப்பன் இதுவோ?"

"தகப்பனும் அதான், தாத்தனும் அதாங்க."

"நல்ல கிடாயள் ஒண்டும் பிறக்கிறேல்லையோ? பிறந்தது எங்கே போச்சு?"

எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் போனது. முனியாண்டியின் முன்னால் நட்டிருந்த அரிவாள்கள் எண்ணெய் பூசிப் பளபளத்தன.

அவருக்குப் புரிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியவில்லை. "ஒரு உயிரை வெட்டிப் போட்டு அதை வழிபாடு எண்டுறியள். காட்டுமிராண்டி வேலை. பிறகு ஆடு வளருதில்லை எண்டு அழுறியள்."

பூசாரி தம்புசாமி அதுவரை பேசாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எச்சிலைத் துப்பிவிட்டுக் கேட்டார். "ஐயா சைவமா?"

"ஓம்."

"பின்ன ஆட்டைப் பத்தி ஒங்களுக்கு என்னங்க கவலை?"

சிரிப்பு வெடித்தது. கூட்டம் அதோடு முடிந்தது. பாலசுந்தரம் தொப்பியை எடுத்துக்கொண்டு ரயில் மேட்டை நோக்கி நடந்தார். நல்லம்மாளின் குடிசைப் பக்கமாகப் போகும்போது, பின்னால் கட்டியிருந்த கிடாவைப் பார்த்து நின்றுவிட்டார். நீளக் காது, இடுப்பளவு உயரம், அகன்ற மார்பு. அவர் கையை வைத்து அதன் முதுகெலும்பைத் தடவினார்.

"இது எங்காலை வந்தது?"

"சுங்கை பூலோவுல ஒரு பஞ்சாபிப் பால்காரருகிட்ட வீட்டுக்காரரு தண்ணி வடியக் கான் வெட்டுனாருங்க. கூலிக்குப் பதிலா சினை ஆடு ஒண்ணு குடுத்தாரு. தாய் வயிறு ஊதிச் செத்துப்போச்சு. இது மட்டும் நின்னுது."

"இதை என்ன செய்யப்போறியள்?"

"ஆடிக்குங்க. நேர்ந்தது."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார், கிடாவை ஒருமுறை பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மனிதர் பேசின விதம் நல்லம்மாளுக்குப் பிடிக்கவில்லை. பேசின விஷயம் மட்டும் அவளை விடவில்லை. சாமிக்கு நோஞ்சானைக் கொடுக்க முடியாது. இருப்பதில் உயரமானதை, மறு இல்லாததை, பொலியத் தொடங்கும் முன்பே நேர்ந்துவிட வேண்டும். அடுத்த தரத்தைக் கசாப்புக்காரன் கொண்டுபோவான். சாமியும் வாங்காமல் கசாப்புக்காரனும் வாங்காமல் எது மிஞ்சியதோ அதுதான் ஊரெல்லாம் பொலிந்தது. ஒவ்வோர் ஆடியிலும் கையால் பொறுக்கியெடுத்து நல்லதை ஒழித்துவிட்டு, மழையையும் கங்காணியையும் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆடியில் அவள் கிடா போகும். அதற்குப் பிறகு இந்தக் கம்பத்தில் பூனைகள்தான்.

கிடாவை நேர்ந்தது அவள் புருஷன் வேலாயுதம். போன வருஷம் பிள்ளை குறுக்கே நின்று, நல்லம்மாள் பாயில் கிடந்து கத்தி, பிறகு கத்தவும் முடியாமல் ஆனபோது அவன் கோயிலுக்கு ஓடினான். பட்டியில் நிற்பதில் உயரமான கிடா உனக்கு, அவளை விட்டுவிடு என்று மண்ணில் விழுந்தான். பிள்ளை தங்கவில்லை. அவள் தங்கினாள்.

அன்று சாயங்காலம் சோறு போடும்போது கேட்டாள். "ஏங்க, வேற ஒண்ணக் குடுத்தா ஆகாதா?"

அவன் கை தட்டிலேயே நின்றது. "எதுக்கு?"

"அந்தாளு சொன்னதக் கேட்டீங்கள்ல? இது ஒண்ணுதான் பொலியுறதுக்கு நிக்குது."

"காலைப் புடிச்சுக் கேட்டேன் புள்ள. குடுத்தாரு. இப்பக் கிடா நல்லாருக்கு, நீங்க பூனையை எடுத்துக்குங்கன்னா சொல்லச் சொல்ற?"

"என் உயிருக்குத்தான நேர்ந்தீங்க. என்னக் கேட்டீங்களா?"

"ஒனக்கு அப்ப நெனவு இருந்துச்சா?"

அவன் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினான். கோபக்காரன் இல்லை. பயந்தவன். அவள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருமினால் அவன் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்துவிடுவான்.

மறுநாள் நல்லம்மாள் கிடாவைக் கான் ஓரத்துக்கு இழுத்துப் போய் அதன் முதுகில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள்.

கிடா வெட்டு என்றால் கொண்டுபோய் நிறுத்தி வெட்டிவிடுவதில்லை. கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துலுக்குவது என்று அதற்குப் பேர். துலுக்கினால் சாமி வாங்கிக்கொண்டது என்று அர்த்தம்; அந்த நொடியில் அரிவாள் இறங்கும். மூன்று முறை ஊற்றியும் துலுக்காவிட்டால் சாமிக்கு அது வேண்டாம். அப்படி நடந்ததாகக் கதை கேட்டிருக்கிறார்களே தவிர, இந்தக் கோயிலில் யாரும் பார்த்ததில்லை. ஆட்டுக்குத் தண்ணீர் ஆகாது. பட்டால் உதறாமல் என்ன செய்யும்?

முதல் செம்புக்குக் கிடா துள்ளிக் குதித்து உதறி அவளைத் தலையோடு நனைத்தது. கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு மறுபடி ஊற்றினாள். உதறி முடித்து அசையாமல் நின்ற கணத்தில் வெந்த மரவள்ளித் துண்டு ஒன்றை வாயில் வைத்தாள். அடுத்த நாளும் அதுதான். அதற்கடுத்த நாளும். உதறினால் ஒன்றும் இல்லை. நின்றால் கிழங்கு.

"என்னக்கா" என்றாள் மாரியாயி, குடத்தோடு வந்தவள். "இந்தக் குளியல்ல பாதி புருஷனுக்குச் செஞ்சிருந்தா அண்ணன் எலுமிச்சம்பழம் மாதிரி மின்னியிருப்பாரு."

"சாமிக்குப் போறதில்ல? சொறி இல்லாமப் போகட்டும்."

"சாமி சொறி பாக்குமா? குடலைத்தான பாக்கும்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

சாமியை ஏமாற்றுகிறோமா என்று நல்லம்மாள் நினைக்காமல் இல்லை. கிடாவின் ஈர முதுகைத் தேய்த்தபடியே நினைத்துப் பார்த்தாள். முனியாண்டிக்கு எல்லாம் தெரியுமென்றால் இதுவும் தெரியும். தெரிந்தும் வேண்டுமென்றால் துலுக்க வைத்துக்கொள்ளட்டும், யார் கையைப் பிடித்தது? தெரியாதென்றால், இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து நல்லதைக் கொடுத்ததற்கும் பொருள் இல்லை. கோபம் வந்தால் என்ன எடுப்பார்? நேர்ந்தது என் உயிருக்கு. எடுத்தால் அதைத்தான் எடுப்பார். அடுத்த வீட்டுக்காரி உயிரை வைத்து நான் விளையாடவில்லை.

இப்படி எண்ணும்போது துணிச்சலாக இருந்தது. குடிசைக்குள் படுத்திருக்கும்போது அதே எண்ணம் தூங்க விடவில்லை.

ஆடி நெருங்க நெருங்க, கிடா செம்பின் சத்தம் கேட்டாலே ஓடிவந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

பூசை நாளில் உறுமி மேளம் காலையிலேயே தொடங்கியது. கேரி தீவிலிருந்துகூடப் பழைய தோட்டத்து ஆட்கள் வந்திருந்தார்கள். வேலாயுதம் புது வேட்டி கட்டிக் கிடாவுக்கு மாலை போட்டுத் தானே பிடித்துப் போனான். கன்னையா அரிவாளோடு தயாராக நின்றான். அன்றைக்கு அவன் யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

தம்புசாமி மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் தலையிலிருந்து வால்வரை ஊற்றினார். உறுமி நின்றது.

கிடா அசையவில்லை. தண்ணீர் நீளக் காதுகளின் நுனியில் சேர்ந்து சொட்டியது. ஜனங்கள் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது, தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

"ஊத்துங்க மாமா" என்றான் வேலாயுதம்.

இரண்டாவது செம்பு. கிடா நின்றது. நின்றது மட்டுமில்லை. தலையைத் திருப்பிக் கூட்டத்தில் தேடியது. பெண்கள் வரிசையில் நல்லம்மாளைக் கண்டுபிடித்துக் கழுத்தை நீட்டி உதட்டைச் சப்புக்கொட்டியது. வேலாயுதத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து அவள் முந்தானையை முகர்ந்தது.

பக்கத்தில் மாரியாயி மூச்சை உள்ளே இழுப்பது நல்லம்மாளுக்குக் கேட்டது. பழக்கத்தில் தன் வலது கை கிழங்கு வைத்திருப்பதுபோல் மூடியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். விரித்தாள். அதற்குள் தம்புசாமி பார்த்துவிட்டிருந்தார். ஆட்டின் வாயைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். அவரும் ஆட்டுக்காரர்.

கிடாவைத் திரும்ப இழுத்துப் போனார்கள். மூன்றாவது செம்பைத் தம்புசாமி கையில் எடுத்தார். இனி என்ன நடக்கும் என்று நல்லம்மாளுக்குத் தெரியும். தண்ணீரைக் காதுக்குள் விட்டால் துலுக்காத ஆடு உலகத்தில் கிடையாது. பிடிவாதமான கிடா என்றால் தம்புசாமி செம்பைச் சாய்க்கிற சாக்கில் காதுக்குள் கொஞ்சம் விடுவார். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் பேசியதில்லை. அவள் காதுக்குள்ளும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவள்தான். அதை மட்டும் கிடா பழகவே இல்லை.

செம்பு காதுப் பக்கம் போனது.

வேலாயுதத்துக்குப் பொறுக்கவில்லை. அவன் பெண்டாட்டியின் உயிர் அந்தச் செம்பில் இருந்தது.

"காதுல ஊத்துங்க மாமா!" என்று கத்திவிட்டான். "எப்பவும் ஊத்துவீங்கள்ல, காதுக்குள்ள!"

உறுமிக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

தம்புசாமியின் கை அந்தரத்தில் நின்றது. அவர் மெதுவாகத் திரும்பினார். "என்னப்பா சொன்ன?"

"இல்ல மாமா, நான்..."

"எப்பவும் ஊத்துவேனா? அப்ப இத்தன வருசம் சாமியா வாங்குச்சு, நானா வாங்குனேன்? சொல்லு. வெளியூர்லருந்தெல்லாம் ஆளு வந்திருக்கு. சத்தமாச் சொல்லு."

வேலாயுதம் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

இனி அந்தக் காதுக்குள் ஒரு சொட்டு விழ முடியாது. விழுந்தால் இத்தனை வருஷப் பூசையும் பொய். தம்புசாமி எல்லோரும் பார்க்கும்படி செம்பை உயரத் தூக்கி, நடு முதுகில் மட்டும், காதுக்கு ஒரு முழம் தள்ளி ஊற்றினார்.

கிடா மரம்போல் நின்று மரவள்ளிக்குக் காத்திருந்தது.

"வேண்டாங்குது" என்றார் தம்புசாமி. செம்பைக் கீழே வைத்தார். "இது முனியாண்டி கிடா. இனிமே இத யாரும் கட்டக் கூடாது, விக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. அது இஷ்டத்துக்குத் திரியட்டும். ஒரு சேவலைக் கொண்டா."

கிடாவின் கழுத்தில் மணி கட்டி விட்டார்கள். அது முதலில் நல்லம்மாளிடம் வந்தது. அவள் கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பெட்டை ஆடுகள் நின்ற பக்கம் போய்விட்டது. அதன் மேல் இனி அவளுக்கு உரிமை இல்லை. இதை மட்டும் அவள் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை.

வேலாயுதம் பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தெரிந்துகொண்டானா, அல்லது தன் வாயால் கெடுத்தேன் என்று நொந்துகொண்டானா என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் தும்மினால் திரும்பிப் பார்ப்பான். கஷாயம் வைத்து முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். அவளும் தன் நெஞ்சைத் தானே கவனித்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. கம்பத்தில் எல்லோருக்கும் வந்ததுதான். ஆனாலும் படுத்துக் கிடந்த நாட்களில் கழுத்து மணி குடிசைப் பக்கம் வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். காய்ச்சல் போனது.

கிடா கத்தரிச் செடியைத் தின்றது, கீரைப் பாத்தியை மிதித்தது. சாமி கிடாவை யார் அடிப்பது? கும்பிட்டுக் கும்பிட்டு விரட்டினார்கள். அது கம்பம் முழுவதும் பொலிந்தது. பூனை என்று பேரெடுத்த பழைய கிடாவை யாரும் சீண்டவில்லை; ஒரு நாள் அது சட்டியில் வெந்தது.

நல்லது மட்டும் நடந்ததா என்றால், இல்லை. மார்கழிக் கடைசியில் மாரியாயியின் பெட்டை, குட்டி பெரிதாக இருந்து வெளியே வர முடியாமல், குட்டியோடு செத்தது. மாரியாயி நேரே வந்து வாசலில் நின்றாள்.

"சாமி கிடாவ நான் திட்ட முடியாது. ஒன்னத் திட்டலாம்ல? ஒன் கையப் பாத்தவ நானு. முந்தானைய அது எதுக்கு மோந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"திட்டு."

"எலும்பும் தோலுமா நின்ன பெட்டை. என் புள்ளைக்குப் பாலு குடுத்தது" என்றாள் மாரியாயி. திட்டாமலே போனாள். திட்டியிருந்தால் நல்லம்மாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், தூறலில் வேலாயுதம் ஓடிவந்தான். "பூசாரி மாமா கூப்பிடுறாரு, ஒன் கைதான் உள்ள போவுமாம். அவரு ஆடும் அந்தப் பாடுதான் படுது."

தம்புசாமியின் பட்டியில் பெட்டை பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. கத்துகிற கட்டத்தைத் தாண்டியிருந்தது. நல்லம்மாளுக்கு அந்த நிலை தெரியும். கையில் எண்ணெய் தேய்த்து உள்ளே விட்டாள். ஒரு முன்னங்கால் மடங்கி அடைத்துக்கொண்டிருந்தது. அதை நிமிர்த்த வெகு நேரமாயிற்று. வெளியே வேலாயுதம் மரத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான்.

"அன்னிக்கு ஏன் மாமா காதுல ஊத்தல?" என்று கேட்டாள், கையை வெளியே எடுக்காமல். "அவரு கத்துனதாலயா?"

"கத்தலன்னாலும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார் தம்புசாமி. வெற்றிலையை ஒதுக்கினார். "எனக்கே தெரியல ஆத்தா. செம்பு காதுப் பக்கம்தான் போச்சு. போன ஈத்துல என் பட்டியில மூணும் செத்துப் பொறந்துச்சுல்ல, அது நெனப்புல வந்துச்சு. அதுக்குள்ள ஒன் புருசன் வாயத் தொறந்துட்டான். நல்லவேளையாப் போச்சு. என்ன செஞ்சிருப்பேன்னு நான் பாக்க வேண்டியதில்லாமப் போச்சு."

குட்டி வந்தது. நீளக் காது, தடித்த கால். தாய்க்குத் தலையைத் தூக்கத் தெம்பில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. பிழைக்குமா என்று சொல்ல முடியாது. நக்கிவிட ஆள் இல்லாததால் நல்லம்மாள் குட்டியின் மூக்கைப் பிழிந்து சளியை எடுத்தாள். வெந்நீரில் துணியை முக்கி அதன் முதுகைத் துடைத்தாள்.

"கிடா" என்றாள்.

வேலாயுதம் உள்ளே வந்து எட்டிப் பார்த்தான். "உசரமா வரும்" என்றான் தன்னையறியாமல். சொன்னபிறகுதான் மூவருக்கும் ஒரே விஷயம் நினைவுக்கு வந்தது. உயரமானது எங்கே போகும் என்று அந்தக் கம்பத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"யாரும் நேர்ந்திருக்காங்களா மாமா?"

"இன்னும் இல்ல."

துணியிலிருந்து ஒரு சொட்டு குட்டியின் காதுக்குள் விழுந்தது. அது நடுங்கும் நாலு காலில் எழுந்து நின்று, தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலிர்த்து உதறியது. உதறிய வேகத்தில் தானே விழுந்தது.

தம்புசாமி சட்டென்று முகத்தைத் திருப்பி வெளியே மழையைப் பார்த்தார்.

"நான் பாக்கல" என்றார்.